மலைச் சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்: பிஸ்டனை எண்ணும் முன் சூட்டைக் கணக்குப் பாருங்கள்

எம்.டி.பி. எனப்படும் மலைச் சைக்கிள் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "டிஸ்க் இருக்கா?" என்பதுதான். இன்றைக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. மலைச் சைக்கிள் என்ற பெயரில் விற்பனைக்கு வரும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் டிஸ்க் இருக்கிறது. ஆனால் ஒரு டிஸ்க் பிரேக்குக்கும் இன்னொன்றுக்கும் உள்ள இடைவெளி, பழைய ரிம் பிரேக்குக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கலாம். கேட்க வேண்டியவை வேறு: கேபிள் இழுப்பதா ஆயில் அழுத்துவதா, ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் எஃகுத் தட்டு) எத்தனை மி.மீ., அதைக் கவ்வும் பேடு என்ன வகை, அந்தப் பேடு தேய்ந்தால் நம் ஊரில் கிடைக்குமா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. முதல் மழைக்காலம் முடிந்ததும் அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

சூடு எங்கே போகிறது

பிரேக்கின் வேலை ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. எவ்வளவு சூடு என்பதை நமக்குத் தெரிந்த ஓர் இறக்கத்தை வைத்தே பார்த்துவிடலாம். நீலகிரி மலை ரயில் பாதையில் ஊட்டி நிலையம் 2,203 மீட்டர் உயரத்திலும் மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. வித்தியாசம் 1,877 மீட்டர். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த இறக்கத்தில் வெளிவரும் ஆற்றல் 1,650 கிலோ ஜூலைத் தாண்டுகிறது. ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்கின்றன. மீதி முழுவதும் இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

அந்தத் தட்டின் எடையையும் பாருங்கள். 160 மி.மீ. ரோட்டர் ஒன்று சுமார் 100 முதல் 130 கிராம். இரண்டும் சேர்ந்தால் கால் கிலோவைச் சுற்றித்தான் வரும். 100 மீட்டர் இறங்கினால் 88 கிலோ ஜூல். காற்று துளியும் உதவாமல் அத்தனையும் ரோட்டருக்குள்ளேயே தங்கினால் எஃகு 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடும். அப்படி நடப்பதில்லை. காரணம், ரோட்டர் சூட்டைச் சேர்த்து வைக்கும் பொருள் அல்ல, வந்த வேகத்திலேயே காற்றுக்குக் கொடுத்துவிடும் பொருள். வரும் வேகம் போகும் வேகத்தை மிஞ்சும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

எந்த வேகத்தில் பிரேக்குக்கு அதிகச் சூடு என்று கேட்டால் பலரும் "வேகமாக இறங்கும்போது" என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சாலையில் அதே 90 கிலோவை ஒரே சீரான வேகத்தில் பிடித்து இறக்குவதாக வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து உட்கார்ந்த ஆளின் காற்றுத் தடையையும் தடித்த டயரின் உராய்வையும் கழித்தால், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் பிரேக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 230 வாட் விழுங்குகின்றன. 30 கி.மீ. வேகத்தில் 335 வாட்டை நெருங்குகிறது. 45-ல் 175 வாட்டாகக் குறைந்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே காற்றே பெரிய பிரேக்காகிவிடுகிறது. ஆக நடுவேகம்தான் மோசம். ரொம்ப மெதுவாக இறங்குவதும் இலவசம் இல்லை: 15-ல் ஒரு கிலோமீட்டருக்கு 56 கிலோ ஜூல், 30-ல் 40 கிலோ ஜூல், அதுவும் காற்றோட்டம் குறைவாக இருக்கும் நிலையில்.

70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலைச் சாலையில் பயந்து பயந்து இரண்டு லிவரையும் இழுத்துப் பிடித்தபடியே இறங்குகிறவரின் பிரேக் முதலில் படுப்பது இதனால்தான். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவு முடிந்ததும் விரலை முழுதாக எடுத்துவிட வேண்டும். பேடு விலகியிருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் ரோட்டர் மூச்சு வாங்குகிறது.

சூடு மிஞ்சினால் பிரேக் இரண்டு விதமாகத் தோற்கும். கை அதை உடனே கண்டுபிடித்துவிடும். லிவர் வழக்கம்போல் கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு தோற்றிருக்கிறது. பேடில் உள்ள பிசின் சூட்டில் ஆவியாகிப் பிடிமானம் போய்விட்டது. லிவர் பஞ்சு போலாகி ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது என்றால் பேடுகளைத் தாங்கும் காலிப்பருக்குள் ஆயிலோ, அதில் கலந்திருந்த நீரோ கொதித்துவிட்டது. முதலாவது ஆறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது நடந்த பிறகு ஆயில் மாற்றாமல் அந்த வண்டியை மறுபடி மலைக்கு ஏற்றக் கூடாது.

ரோட்டர்: குறைந்த செலவில் பெரிய மாற்றம்

பிரேக் போதவில்லை என்றதும் பலரும் முழு செட்டையும் மாற்றப் போகிறார்கள். முதலில் மாற்ற வேண்டியது ரோட்டர். லிவரில் கொடுக்கும் அதே அழுத்தத்துக்கு நிறுத்தும் விசை ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்துக் கூடும். 160-லிருந்து 180-க்குப் போனால் சுமார் 12 சதவீதம் கூடுதல். 180-லிருந்து 203-க்கு இன்னொரு 12 சதவீதம் சொச்சம். இது கையில் தெரியும் லாபம். கண்ணுக்குத் தெரியாத லாபம், கூடுதல் எஃகும் கூடுதல் பரப்பும். பெரிய ரோட்டர் மெதுவாகச் சூடேறி வேகமாக ஆறும்.

முன் சக்கரத்துக்குத்தான் முதல் உரிமை. பிரேக் பிடித்ததும் எடை முன்னுக்குச் சாய்கிறது; பின் சக்கரம் லேசாகி வழுக்கத் தொடங்கும். நல்ல சாலையில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஆகவே முன்னே 180, பின்னே 160 என்பது மலைச் சாலையில் இறங்குகிறவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆள் 85 கிலோவுக்கு மேல், அல்லது பின்னால் பைகளைக் கட்டிக்கொண்டு தொலைதூரம் போகிறவர் என்றால் முன்னே 203, பின்னே 180. ஊருக்குள்ளும் மண்பாதையிலும் மட்டும் ஓட்டுகிற 70 கிலோ ஆளுக்கு 160 இரண்டு தாராளம். பெரிது போட்டால் எடையும் வளையும் வாய்ப்பும்தான் கூடும்.

வாங்குவதற்கு முன் ஃபோர்க்கின், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் கவையின், கையேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபோர்க்குக்கும் அதிகபட்ச ரோட்டர் அளவு உண்டு; விலை குறைந்த சஸ்பென்ஷன் ஃபோர்க்குகளில் இது சின்னதாகவே இருக்கும். அதைத் தாண்டிப் போட்டால் ஃபோர்க்கின் கால் தாங்க வேண்டிய முறுக்கு, அதை வடிவமைத்தவர் நினைத்ததைவிடக் கூடிவிடுகிறது. பின்னால் ஃபிரேமிலும் இதே எல்லை உண்டு. சில ஃபிரேம்களில் பெரிய ரோட்டர், பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாயான செயின்ஸ்டேயில் உரசும்.

தடிமனும் ஒரே மாதிரி இல்லை. ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ.; 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். மகுரா 2 மி.மீ.யில் தொடங்கி 1.8-ல் முடிகிறது. ஸ்ராமின் எச்.எஸ்.2 ரோட்டரும் 2 மி.மீ. தான், ஆனால் 1.7 வரை விடலாம். இந்த எண்கள் ரோட்டரின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளக்க ஒரு வெர்னியர் போதும். தேய்ந்த ரோட்டரின் விளிம்பில் ஒரு வரம்பு எழுந்து நிற்கும் என்பதால், அளவுகோலின் அகலமான பகுதியை வைத்தால் அந்த வரம்பைத்தான் அளப்பீர்கள். கூரான நுனியைத் தேய்ந்த இடத்தில் வைத்து அளக்க வேண்டும்.

ரோட்டர் மேல் இன்னொரு வாசகமும் இருக்கலாம்: ரெசின் (பிசின்) பேடு மட்டுமே பயன்படுத்தவும் என்று. விலை குறைந்த சைக்கிள்களோடு வரும் ரோட்டர்கள் பலவற்றிலும் இது உண்டு. அவற்றின் எஃகு மென்மையானது. "மெட்டல் பேடு போட்டால் நன்றாகப் பிடிக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் சின்டர்டு எனப்படும் உலோகத் தூள் பேடு போட்டால், பேடு அப்படியே இருக்கும், ரோட்டர் கரைந்துவிடும்.

கேபிளா, ஆயிலா

கேபிள் பிரேக்கை ஏளனம் செய்யத் தேவையில்லை. கேபிள் அறுந்தால் எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் மாற்றிவிடலாம். வழியில் ஒரு ஆலன் கீ போதும். லடாக், ஸ்பிதி என்று ஆள் அரவமற்ற பாதைகளில் பல நாள் போகிறவர்கள் சிலர் இன்றும் நல்ல கேபிள் டிஸ்க்கையே விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "நல்ல" என்பதுதான் இங்கே முக்கியம். தொடக்க விலைச் சைக்கிள்களில் வரும் கேபிள் காலிப்பர்களில் ஒரு பக்கப் பேடு மட்டுமே நகரும். அது ரோட்டரைத் தள்ளி, வளைத்து, எதிர்ப்பக்கம் அசையாமல் இருக்கும் பேடில் கொண்டுபோய் முட்டும். டி.ஆர்.பி. ஸ்பைர் போன்றவற்றில் இரண்டு பக்கமும் நகரும், ஆவிட் பி.பி.7-ல் ஒரு பக்கம்தான் நகரும் என்றாலும் இரண்டு பேடுகளையும் தனித்தனியாகத் திருகி நெருக்கும் குமிழ்கள் உண்டு.

ஒருபக்கக் காலிப்பரைச் சரியாக வைக்கும் முறை பலருக்குத் தெரிவதில்லை. ஸ்போக் பக்கம் உள்ள அசையாப் பேடை, ரோட்டரில் உரசும் வரை திருகி, பிறகு விசிட்டிங் கார்டு தடிமனுக்கு மட்டும் பின்னே விடுங்கள். அடுத்து வெளிப்பக்கப் பேடை. பேடு தேயத் தேய இந்தத் திருகுகளைத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். பெரும்பாலான கடைகளில் செய்வது வேறு: காலிப்பரில் கேபிள் பூட்டியிருக்கும் நெம்பின் அருகே கேபிளை இழுத்து இறுக்கிவிடுவார்கள். அப்போது பிரேக் பிடித்தது போலத் தோன்றும். ஆனால் அந்த நெம்பு பாதி தூரம் முன்பே நகர்ந்து நிற்பதால் மிச்சப் பயணம் குறைந்து, கொஞ்சம் தேய்ந்ததும் அது முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் லிவரை எவ்வளவு இழுத்தாலும் பேடு நகராது.

கேபிளில் இன்னும் இரண்டு கண்ணிகள். எம்.டி.பி. கேபிள் காலிப்பர்கள் பெரும்பாலும் வி-பிரேக் லிவருக்கு, அதாவது கேபிளை அதிக நீளம் இழுக்கும் லிவருக்குச் செய்யப்பட்டவை. ரோடு சைக்கிள் லிவரோடு சேர்த்தால் பேடு ரோட்டரைத் தொடும் முன்பே லிவர் பாருக்கு வந்துவிடும். இரண்டாவது, கேபிளின் வெளி உறை. கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பிரேக்கின் அழுத்தத்தில் அது பிளந்துகொள்ளும். பிரேக்குக்குச் சுருள் கம்பி உள்ள 5 மி.மீ. உறைதான், அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் சுருங்காத உறை. கையில் இருக்கிறதே என்று கியர் உறையை வெட்டிப் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

ஹைட்ராலிக்கின், அதாவது ஆயில் பிரேக்கின், பெரிய நன்மை விசை மட்டும் அல்ல, பேடு தேய்வை அது தானே சரிசெய்துகொள்வது. காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. லிவரை அழுத்தும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது வளைகிறது. விட்டதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பிஸ்டனை இம்மியளவு பின்னே இழுக்கிறது. பேடு தேய்ந்திருந்தால் பிஸ்டன் அந்த வளையத்தில் வழுக்கிக் கொஞ்சம் முன்னால் வந்து அங்கேயே தங்கிவிடும். காலியான இடத்துக்கு லிவரில் உள்ள சின்னத் தொட்டியிலிருந்து ஆயில் இறங்கும். ஆகவே பிடிக்கும் புள்ளி மாறுவதில்லை.

இதிலிருந்தே ஒரு வழக்கமான சிக்கலும் விளங்கும். பேடு பாதி தேய்ந்த நிலையில் "ஆயில் குறைந்திருக்கிறது" என்று தொட்டியை நிரப்பிவிட்டால், அடுத்து புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயிலுக்குப் போக இடம் இருக்காது. பிஸ்டன் முழுதாக உள்ளே போகாது, பேடு ரோட்டரைக் கவ்விக்கொண்டு நிற்கும், இன்னும் அழுத்தினால் ஏதோ ஒரு சீல் கசியும். பிளீட் செய்வதென்றால், அதாவது ஆயிலை மாற்றி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவதென்றால், பேடைக் கழற்றி, பிஸ்டன்களை முழுதாக உள்ளே தள்ளி, இடையில் பிளீட் கட்டையை வைத்த பிறகுதான்.

எந்த ஆயில், ஏன் கலக்கக் கூடாது

ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ, டி.ஆர்.பி. ஆகியவை மினரல் ஆயில். ஹோப், ஹேய்ஸ் டாமினியன், ஸ்ராமின் கைடு, ஜி2, கோடு ஆகியவை டாட், அதாவது மோட்டார் சைக்கிள் பிரேக்கில் ஊற்றும் வகை ஆயில். ஸ்ராம் 2022-ல் வந்த டி.பி.8, 2024-ல் வந்த மேவன் இரண்டிலும் மினரலுக்கு மாறியதால், "ஸ்ராம் என்றால் டாட்" என்ற பழைய விதி இப்போது பொய்க்கும். லிவரின் மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். உள்ளே உள்ள ரப்பர் வகையே வேறு. ஒன்றுக்கான சீல் மற்றொன்றின் ஆயிலில் ஊறி உப்பிவிடும். ஒரே முறை தவறாக ஊற்றினாலும் சீல்கள், பல நேரம் முழு பிரேக்குமே, மாற்ற வேண்டியதுதான்.

டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. நீர் கலந்த பின் 155. டாட் 5.1-க்கு இவை 260, 180. நீர் கலந்த என்று சொல்வது 3.7 சதவீத நீரைத்தான். டாட் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். கடலோர ஊர்களில் மூடி திறந்த பாட்டிலை மாதக்கணக்கில் வைத்திருந்து ஊற்றுவதில் அர்த்தமில்லை. வருடம் ஒரு முறை மாற்றுவது பாதுகாப்பு. மினரல் ஆயில் நீரை ஏற்காது, ஆகவே நீண்ட நாள் உழைக்கும். ஆனால் எப்படியோ உள்ளே போன ஒரு துளி நீர் கரையாமல் தாழ்வான இடத்தில், அதாவது காலிப்பரில், போய் உட்கார்ந்து 100 டிகிரியிலேயே கொதிக்கும். டாட் 5 என்ற பெயரில் ஒன்று உண்டு. அது சிலிக்கோன், 5.1-க்கு உறவே இல்லை, சைக்கிளுக்குத் தேவையே இல்லை.

நடைமுறையில் இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. டாட் 4 எந்த மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பெயின்டைத் தின்னும், தோலை அரிக்கும். மினரல் ஆயில் கைக்கும் வண்டிக்கும் நல்லது, ஆனால் பெரிய சைக்கிள் கடைகளில் மட்டும் கிடைக்கும். கிடைக்கவில்லை என்று தையல் மெஷின் எண்ணெயோ பேபி ஆயிலோ ஊற்றுகிறவர்கள் உண்டு; சீலுக்கும் சூட்டுக்கும் அது என்ன ஆகும் என்று எந்தத் தயாரிப்பாளரும் பொறுப்பேற்பதில்லை. வீட்டில் 100 மி.லி. பாட்டில் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் முடிந்தது.

நான்கு பிஸ்டன் என்றால் இரட்டிப்பு விசையா

இல்லை. லிவரிலுள்ள பிஸ்டனின் பரப்புக்கும் காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்புக்கும் உள்ள விகிதம்தான் விசை. ஒரு பக்கத்துக்கு 22 மி.மீ. பிஸ்டன் ஒன்று என்றால் பரப்பு 380 சதுர மி.மீ. அதே பக்கத்தில் 16 மி.மீ. பிஸ்டன் இரண்டு என்றால் 402. கூடுதல் வெறும் 6 சதவீதம். உண்மையான லாபம் வேறு இடத்தில்: பேடு நீளமாகிறது, பொருள் அதிகம், காலிப்பர் கனமாகி அதிகச் சூட்டைத் தாங்குகிறது, நீண்ட இறக்கத்தில் கையில் உணர்வு மாறாமல் இருக்கிறது. பெரிய மலையில் அடிக்கடி இறங்குகிறவருக்கு இதற்குக் காசு கொடுக்கலாம். மற்றவருக்கு 180 ரோட்டரோடு இரண்டு பிஸ்டன் போதும், பேடும் மலிவு.

பேடு

ரெசின் எனப்படும் ஆர்கானிக் பேடு தொட்டதும் பிடிக்கும், சத்தம் குறைவு, ரோட்டரைத் தின்னாது. சேறும் மழையும் அதன் எதிரி. மணல் கலந்த சேற்றில் நாள் முழுக்க ஓட்டினால் ஒரு செட் ஒரே நாளில் முடிந்துவிடவும் கூடும். சின்டர்டு பேடு செம்பு போன்ற உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. சூட்டையும் சேற்றையும் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். குளிர்ந்திருக்கும்போது முதல் பிடி மந்தம், நனைந்தால் கத்தும், சூட்டைக் காலிப்பருக்கு அதிகமாகக் கடத்தும். இரண்டுக்கும் நடுவே செமி-மெட்டாலிக். தென்மேற்குப் பருவமழையில் வால்பாறை, நீலகிரி என்று ஓட்டுகிறவர் முன்னே சின்டர்டு, பின்னே ரெசின் என்று கலந்து போடலாம், ரோட்டர் அனுமதித்தால்.

ஷிமானோ பேடில் உராய்வுப் பொருள் 0.5 மி.மீ. மிச்சம் இருக்கும்போது மாற்றச் சொல்கிறது. ஸ்ராம் பின்தகட்டையும் சேர்த்து 3 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றச் சொல்கிறது, மகுரா 2.5. இந்த எல்லையைத் தாண்டினால் பேடுகளை விலக்கி வைக்கும் சுருள்தகடு ரோட்டரில் உரசத் தொடங்கும். அடுத்து இரும்போடு இரும்பு.

எந்த பிரேக் வாங்குவது என்பதை முடிவு செய்யும் இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம். ஷிமானோ எம்.டி.200 இத்தனை சைக்கிள்களில் இருப்பதன் பயன் அதன் விசையில் இல்லை. அதன் பி05எஸ் வடிவப் பேடு எங்கும் கிடைப்பதில்தான். டெக்ட்ரோவின் சில மாடல்களுக்கும் இதே வடிவம். முதல் ஹைட்ராலிக் வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். அடுத்த படி டியோர் எம்6100, இரண்டு பிஸ்டன். கனமான ஆள், நீண்ட இறக்கம் என்றால் டியோர் எம்6120 அல்லது ஸ்ராம் டி.பி.8, இரண்டும் நான்கு பிஸ்டன், மினரல். எக்ஸ்.டி. எம்8120, மகுரா எம்.டி.5, ஹேய்ஸ் டாமினியன் ஏ4 எல்லாம் அருமையானவை. ஆனால் அவற்றின் பேடையும் பிளீட் கிட்டையும் முன்கூட்டியே வாங்கி வைக்க முடிகிறவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். பெயர் தெரியாத ஹைட்ராலிக்கைவிட நல்ல கேபிள் பிரேக் மேல். ஒரு சீல் போனால் அதற்கு உதிரிபாகமே கிடையாது என்பது வாங்கிய பிறகுதான் தெரியவரும்.

பொருந்துமா

ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் பொருத்தும் இடம் இல்லாவிட்டால், சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பில் ரோட்டர் பூட்டும் வசதி இல்லாவிட்டால், வி-பிரேக் சைக்கிளை டிஸ்க்காக மாற்றும் செலவில் வேறு சைக்கிளே வாங்கலாம். இருந்தால், காலிப்பர் பூட்டும் மவுண்ட் எது என்று பாருங்கள். போஸ்ட் மவுண்டில் இரண்டு போல்ட் துளைகளும் 74 மி.மீ. இடைவெளியில் சைக்கிளின் முன்பின் திசையில் நிற்கும். பழைய ஐ.எஸ். மவுண்டில் துளைகள் பக்கவாட்டில் இருக்கும். அதற்கு அடாப்டர் இல்லாமல் இன்றைய காலிப்பர் உட்காராது. ஃபிளாட் மவுண்ட் ரோடு சைக்கிளுடையது. அடாப்டர் வாங்கும்போது ஃபோர்க் இயல்பாக எந்த ரோட்டருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும்: 160-க்கான மவுண்டில் 180 போட 20 மி.மீ. அடாப்டர், 180-க்கான மவுண்டில் 180 போட அடாப்டரே வேண்டாம். 200-ம் 203-ம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஆரத்தில் ஒன்றரை மி.மீ. வித்தியாசம் பேடின் மேல் விளிம்பில் தேயாத ஒரு உதட்டை விட்டுவைக்கும், நாளடைவில் அந்த உதடுகள் ஒன்றோடொன்று முட்டும்.

ரோட்டர் ஆறு போல்ட்டில் பூட்டுவதாக இருக்கலாம், அல்லது நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக்காக இருக்கலாம். ஆறு போல்ட்டுக்கு டி25 நட்சத்திர முனை. ஷிமானோ 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், ஸ்ராம் 6.2. எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சென்டர்லாக் வளையத்துக்கு 40. காலிப்பர் போல்ட் 6 முதல் 8. இன்னொன்றையும் கவனியுங்கள்: சக்கரத்தைக் கையாலேயே கழற்ற உதவும் குவிக் ரிலீஸ் லிவர் முழுதாகத் திறந்தால் முன் ரோட்டருக்குள் நுழைகிறதா என்று. 2015-ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான சைக்கிள்கள் திரும்பப் பெறப்பட்டது இந்த ஒரே காரணத்துக்காக. பழைய சைக்கிளில் இருந்தால் அந்தக் கம்பியை மாற்றிவிடுங்கள், விலை மலிவு.

எந்தக் கையில் முன் பிரேக் என்பதும் வாங்கும்போதே முடிவாக வேண்டும். பைக் ஓட்டிப் பழகியவருக்கு வலது கை. அமெரிக்க வழக்கப்படி கட்டிய செட்டில் இடது கை. ஆயில் ஓடும் ஹோஸின் நீளம் வேறு என்பதால் பிறகு மாற்றுவதென்றால் ஹோஸைக் கழற்றி, புது ஆலிவ் வளையமும் செருகியும் போட்டு, மறுபடி பிளீட் செய்ய வேண்டும்.

பூட்டிய பிறகு

காலிப்பர் போல்ட் இரண்டையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே மாற்றி மாற்றி இறுக்குங்கள். சக்கரத்துக்குக் கீழே வெள்ளைத் தாள் ஒன்றை விரித்துக் காலிப்பர் வழியாகப் பாருங்கள். ரோட்டரின் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நகராத பிஸ்டன் இருந்தால் காலிப்பரை எவ்வளவு நகர்த்தினாலும் உரசல் போகாது. பேடைக் கழற்றி, ஓடும் பிஸ்டனைப் பிளாஸ்டிக் டயர் லிவரால் பிடித்துக்கொண்டு, ஒட்டிய பிஸ்டனைக் கொஞ்சம் வெளியே வரவிட்டுத் துடைத்து, அந்த பிரேக்குக்கு உரிய ஆயிலில் ஒரு சொட்டு தடவி உள்ளே தள்ள வேண்டும். நான்கைந்து தடவையில் இளகிவிடும்.

புதுப் பேடு முதல் நாளே பிடிக்காது. ஆளற்ற சமதளத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை சீராகப் பிடித்துக் குறைத்து, நிற்கவிடாமல் விடுவியுங்கள். 20 முதல் 30 முறை, முன்பின் தனித்தனியாக. பேடுப் பொருள் ரோட்டரில் மெல்லிய, சீரான படலமாக ஒட்டுவதுதான் நோக்கம். நடுவில் முழுதாக நிறுத்தி லிவரைப் பிடித்தபடி நின்றால் ஒரே இடத்தில் தடிப்பாக ஒட்டி, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் லிவர் துடிக்கும்.

கத்தலுக்கு முதல் சந்தேகம் எண்ணெய். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது, பாலிஷ் போடும்போது, ஏன், ரோட்டரை வெறும் விரலால் தொடும்போதுகூட ஏறிவிடும். ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கும் சுத்தமான துணி கறுப்பது நிற்கும் வரை துடையுங்கள். டபிள்யூ.டி.-40-ஐ பிரேக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எண்ணெய் குடித்த ரெசின் பேடை அடுப்பில் வாட்டினால் சரியாகும் என்பது பரவலான வைத்தியம். மேலே ஆவியாகி, ஆழத்தில் இருப்பது அடுத்த சூட்டில் மேலே வரும். மலைக்குப் போகிறவர் புதுப் பேடு போட்டுவிடுவது நல்லது. மேற்பரப்பு கண்ணாடி போல் மினுங்குவது மட்டும்தான் குறை என்றால் சமமான தரையில் மணல்தாளை வைத்துத் தேய்த்து, மறுபடி அந்த 20 முறைப் பழக்கத்தைச் செய்தால் போதும்.

பஸ்ஸிலோ ரயிலிலோ சக்கரத்தைக் கழற்றி ஏற்றும்போது பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். புது பிரேக்கோடு வரும், இல்லாவிட்டால் மடித்த அட்டையும் ஆகும். ரோட்டர் இல்லாத நிலையில் யாராவது லிவரை அழுத்திவிட்டால் பிஸ்டன்கள் முன்னால் வந்து பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இறங்கிய இடத்தில் ரோட்டர் உள்ளே நுழையாது. ஸ்க்ரூ டிரைவரைப் பேடுகளுக்கு நடுவே விட்டு நெம்பாதீர்கள். பேடுப் பரப்பு பிளந்துவிடும். பேடுகளை முதலில் கழற்றிவிட்டு, பிஸ்டனின் நடுவில் பிளாஸ்டிக் டயர் லிவரை வைத்து நேராக உள்ளே தள்ளுங்கள், ஓரத்தில் அல்ல. பிறகு பேடைப் போட்டுச் சக்கரத்தை மாட்டி, லிவரை நாலைந்து முறை அழுத்தி, பிடி கெட்டியாகத் திரும்பியதைப் பார்த்த பிறகே ஏறுங்கள்.